மில் நாய்க்குப் பல்லுத் தீட்டிய வழக்கு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கல்முனையில் ஒரு நெல் மில்லில் காவலுக்கு நின்ற கிழட்டு நாயின் வாய் நாறியது.
2. மில் முதலாளியான ஹாஜியார் அரசாங்க மிருக வைத்தியரான என்னைக் கூப்பிட்டார். நான் போய், பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தேன். ஆடிக்கொண்டிருந்த பற்களைப் பிடுங்கினேன்.
3. இனி இந்த நாய்க்குப் பல்லுத் தீட்டத் தேவையில்லை, வேறு வழி இருக்கிறது என்று விளக்கினேன்.
4. டொக்டர் நாய்க்குப் பல்லுத் தீட்டிவிட்டார் என்று ஊர் விளங்கிக்கொண்டது.
5. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு பக்கத்து வளவு ஆட்டின் காது கிழிந்தது.
6. நாயைக் கொல்ல வேண்டும் என்று மில் முற்றத்தில் ஆட்கள் கூடினார்கள்.
7. அந்தக் கூட்டத்தின் நடுவில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஓம் என்றாலும் நாய்க்குக் கேடு, இல்லை என்றாலும் கேடு.

பணி அனுபவங்களை எழுதுவது ஓய்வுபெற்றவர்களின் உரிமை என்று எங்கள் திணைக்களத்தில் ஓர் எண்ணம் இருக்கிறது. தலை நரைத்து, மறுத்துப் பேச ஆளில்லாத காலத்தில் எழுதினால் எல்லாக் கதையிலும் எழுதியவரே வெல்லலாம். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. இடமாற்றம்தான் வந்திருக்கிறது. இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் நல்ல ஞாபகசக்தியோடு கல்முனைச் சந்தையில் உலாவுகிறார்கள். ஆகவே கூட்டிச் சொல்ல வழியில்லை. என் கதிரைக்கு வரப்போகிற தங்கச்சிக்கோ தம்பிக்கோ இது உதவலாம். உதவாவிட்டாலும் ஏன் ஆட்கள் இளம் நாய்களை இழுத்துக்கொண்டு வந்து விசித்திரமான வேலை ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள் என்பதாவது விளங்கும்.

நீங்கள் வெளியூர் என்றால் ஒரு சொல்லை முதலில் அறிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் பல் விளக்குவதைப் பல்லுத் தீட்டுவது என்போம். கத்தியைக் கூராக்குவதையும் தீட்டுவது என்றுதான் சொல்வோம். இதுவரை இதனால் யாருக்கும் இடைஞ்சல் வந்ததில்லை. காலையில் கிணற்றடியில் பல்லுத் தீட்டுகிறவரைப் பார்த்து யாரும் பயந்து ஓடுவதில்லை. நாய் வந்த பிறகுதான் சிக்கல் வந்தது.

ஹாஜியாருக்கு நாய் பிடிக்காது. இதை அவர் என்னைச் சந்தித்த முதல் நிமிடத்திலேயே தெளிவாக்கினார். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும். அந்தச் சட்டம் எனக்கும் சேர்த்துத்தான். நாய் பார்க்கப் போகிற நாட்களில் என் உம்மா கிணற்றடியில் ஒரு சிரட்டை மண்ணோடு காத்திருப்பா. கையுறை என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். மண் இலவசம், ரப்பர் ஓட்டையாகும் என்பது உம்மாவின் வாதம்.

பிடிக்காத நாயை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஹாஜியாரிடம் கேட்டேன். அது தன் நாய் இல்லை என்றார். பாண்டிருப்பில் தங்கராசா என்று அவருக்கு ஒரு நெல் வியாபாரக் கூட்டாளி இருந்திருக்கிறார். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் ஊர் கலங்கியபோது தங்கராசா குடும்பத்தோடு மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போய்விட்டார். போகும்போது ஜிம்மி என்ற அந்த நாயின் சங்கிலியை ஹாஜியாரின் கையில் கொடுத்து, வந்து எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்போது ஜிம்மி துள்ளித் திரிகிற வயசு. இப்போது தாடை நரைத்து, ஒரு கண்ணில் பூ விழுந்து, நெல் நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் தூங்குகிறது.

"அமானிதம் மகள்," என்றார் ஹாஜியார். "தந்த மாதிரித் திருப்பிக் குடுக்கணும். வாய் நாறுற நாயக் குடுத்தா அவன் என்னப் பத்தி என்ன நினைப்பான்?"

ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அவர் திரும்பி வரும்வரை காப்பதுதான் அமானிதம். ஹாஜியாருக்கு அது விளையாட்டில்லை. நாய் அவரைக் கடந்து போனால் சாரனைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவார். ஆனால் நாய் சாப்பிடும்போது தூரத்தில் நின்று, இடப்பக்கத்தால் மட்டும் மெல்கிறது, சோறு வாயிலிருந்து விழுகிறது, முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கிறது என்று எல்லாவற்றையும் கவனித்து வைத்திருந்தார். நாயைத் தொட்டுத் தடவி முத்தம் கொடுக்கிறவர்கள் இதில் பாதியைக்கூட எனக்குச் சொன்னதில்லை.

சிகிச்சை பற்றி நீட்டப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். ஊசி போட்டு மயக்கினேன். காரை சிப்பி ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டிக்கொண்டு போகப் போக அடியில் பல் இல்லாத இடங்களும் வெளிப்பட்டன. முன்பற்களெல்லாம் ஆட்டம். வேட்டைப்பற்கள் நான்கில் ஒன்றுதான் மிஞ்சியது. பின்னால் கடைவாய்ப் பற்கள் ஓரளவு நன்றாக இருந்தன. மொத்தத்தில் அந்த நாய் மெல்லலாம், கடிக்க முடியாது. வாய் திறந்தால் எதிரே நிற்பவர் பயப்படத் தேவையில்லை, பரிதாபப்படலாம்.

அடுத்த பிரச்சினை, சுத்தம் செய்த பல்லை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது. கம்பஸில் எங்களுக்குக் காட்டிய வெளிநாட்டுப் புத்தகத்தில் குளியலறையில் ஒரு பொன்னிற நாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஒரு பெண்மணி சிரித்தபடி தூரிகையால் அதன் பல்லைத் தேய்ப்பா. ஹாஜியாரின் மில்லில் அந்தப் பெண்மணியின் வேலையை யார் செய்வது? விரலில் துணி சுற்றித் துடைப்பது இரண்டாவது நல்ல வழி. மில்லில் வேலை செய்த எல்லோரையும் ஒரு தரம் பார்த்தேன். எல்லோரும் உடனே நெல் மூட்டைகளை எண்ணத் தொடங்கினார்கள். ஆகவே வாயைத் தொடாமல் செய்யக்கூடிய வழியைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஹாஜியாருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், கால் எலும்பை நிறுத்துங்கள். நாய் என்றால் எலும்பு என்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். கிழட்டு நாய்க்கு அந்தத் தடித்த எலும்பு, இருக்கிற பல்லையும் உடைக்கும். அதற்குப் பதிலாக இறைச்சிக் கடையில் மாட்டின் மூச்சுக்குழாயை வாங்குங்கள். கேட்பவர் இல்லாததால் அது அங்கே மூலையில்தான் கிடக்கும். கொதிநீரில் ஒரு தரம் முக்கி, ஒரே விழுங்கில் விழுங்க முடியாத நீளத்துக்கு வெட்டி எறியுங்கள். குருத்தெலும்பு வளையங்களைக் கடைவாயால் மென்றுகொண்டிருக்கும்போது பல்லின் பக்கங்கள் தாமாகவே உரசுப்படும். பௌர்ணமிப் போயா நாளில் இறைச்சிக் கடை பூட்டு என்றால் காய்ந்த தோல் துண்டு போதும். மெல்லும்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், தொண்டையில் சிக்கலாம். தேநீரில் முக்கிய பணிஸ் கொடுப்பதை நிறுத்துங்கள். மில்லில் எல்லோரும் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், தங்கள் கருணைக்கு அடையாளமாக. இனிப்புப் பன்னின் மா பல்லிடுக்கில் இருந்து அழுகும். குடிநீரை நாள்தோறும் மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் என்னிடம் காட்டுங்கள். மெல்வதால் புதுக் காரை படிவது குறையும், பழைய காரை கரையாது. இதைச் சொல்லாமல் விட்டால், மூச்சுக்குழாய் எறிந்தும் வாய் நாறுகிறதே என்று உங்களைத்தான் ஏசுவார்கள்.

கடைசியாக ஹாஜியாரிடம் தெளிவாகச் சொன்னேன்: "இதெல்லாம் செஞ்சா இனிப் பல்லுத் தீட்டத் தேவல்ல ஹாஜியார்."

ஊருக்கு இந்த ஒரு வசனம்தான் குறையாக இருந்தது.

அன்று கரண்ட் இல்லை. மில் இயந்திரம் நின்றிருந்தது. களஞ்சியத்துக்குள்ளே நான் சுரண்டுகிற சத்தம் வெளியே முற்றம் வரை கேட்டிருக்கிறது. இரும்பு கல்லில் தேய்கிற சத்தம். என்ன நடக்கிறது என்று கூலியாட்கள் மில்லில் கணக்கெழுதும் கிளாக்கரிடம் கேட்டிருக்கிறார்கள். கிளாக்கருக்கு ஒரு குணம் உண்டு. கேட்டதையும் கண்டதையும் ஒரு சொல் மாற்றாமல் சொல்வார். யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, டொக்டர் நாய்க்குப் பல்லுத் தீட்டுறா என்று சொன்னார். சொன்னது முழு உண்மை.

மனிதன் தீட்டினால் பல் வெள்ளையாகும். கத்தியைத் தீட்டினால் கூராகும். நாய் எந்தப் பக்கம் சேரும்? கத்தியின் பக்கம்தான் என்று பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே ஊர் முடிவு செய்துவிட்டது. அதில் நியாயமும் இருந்தது. நாயின் பல்லை வெள்ளையாக்குவதற்கு ஹாஜியார் அரசாங்க டொக்டரைக் கூப்பிடுவார் என்று நம்புவதைவிட, காவல் நாயின் பல்லைக் கூராக்கக் கூப்பிட்டார் என்று நம்புவது எவ்வளவோ சுலபம். நான் கடைசியாகச் சொன்ன வசனமும் கிளாக்கர் மூலம் ஒரு சொல் மாறாமல் வெளியே போனது. இனித் தீட்டத் தேவல்ல என்று டொக்டர் சொன்னாவாம். ஒரு தரம் தீட்டினாப் போதுமாம். அவ்வளவு கூராம்.

இதற்கு விஞ்ஞான விளக்கம் கொடுத்தவர் பக்கத்து வளவு மாஸ்டர். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், பின்னேரத்தில் ரியூசனும் வைத்திருந்தார். வேட்டைப்பல்லை முறையாகத் தீட்டினால் அது சவர அலகு மாதிரி ஆகிவிடும் என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினாராம். படம் மிக நன்றாக இருந்ததாக அவருடைய மாணவர்களே எனக்குச் சொன்னார்கள். அவர் வரைந்த நாய்க்கு நான்கு வேட்டைப்பற்களும் இருந்தன.

இதைத் திருத்த வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. ஹாஜியாரிடம் போய், நான் மாஸ்டரைச் சந்தித்துப் பேசவா என்று கேட்டேன். அவர் என்னைக் களஞ்சியத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். பின் வேலியால் அவ்வப்போது நெல் மூட்டைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன என்றும், பல்லுத் தீட்டிய கதை பரவியதிலிருந்து ஒரு மூட்டைகூடப் போகவில்லை என்றும் சொன்னார்.

"நான் பொய் சொல்லல்ல மகள்," என்றார். "ஆக்கள் கேட்டாச் சிரிக்கிறன், அவ்வளவுதான்."

நான் திருத்தப் போகவில்லை. வாய்க்குள் ஒரு வேட்டைப்பல்லோடு ஜிம்மி தூங்கிக்கொண்டே மில்லைக் காத்தது. அதன் வாழ்நாளிலேயே சிறந்த காவல் அதுதான்.

ஆட்டின் கதை இனி. மாஸ்டர் பெருநாளில் அறுத்துக் குர்பான் கொடுப்பதற்காக ஒரு கிடாய் வளர்த்தார். நல்ல கிடாய், பளபளவென்று இருக்கும். மில்லுக்கும் அவர் வளவுக்கும் நடுவில் தகர வேலி. அந்த வேலியோரமாகத்தான் அதைக் கட்டியிருந்தார். ஒருநாள் விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கிடாயின் காது கிழிந்து இரத்தம் வடிகிறது. கொஞ்சம் தள்ளி, வேலி இடுக்கால் நுழைந்து வந்த ஜிம்மி அவருடைய மணல் குவியலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த மணலில் தூங்குவது அதற்கு வழக்கம். ஆனால் அன்று காலையில் வழக்கத்தைப் பற்றி யார் கேட்பார்கள்? தீட்டிய பல் இருக்கிறது, கிழிந்த காது இருக்கிறது. மிச்சத்தை மாஸ்டர் கணித்துவிட்டார்.

கிளாக்கர் சைக்கிளில் என் அலுவலகத்துக்கு வந்து, மில்லில் ஆக்கள் கூடியிருக்கிறார்கள், ஹாஜியார் வரச் சொன்னார் என்றார். போனபோது முற்றம் நிறைந்திருந்தது. பள்ளிவாசல் மௌலவியைக் கூட்டிவந்து ஒரு கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். சாக்கும் கயிறும் ஏற்கெனவே வந்திருந்தன. யார் கொண்டுவந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஜிம்மியைத் தராசுக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். குற்றவாளி நிம்மதியாகத் தூங்கியது.

ஹாஜியார் மாஸ்டருக்கு எதிரே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாய் என்ட எண்டா இப்பவே தந்திருவன் மாஸ்டர். இது தங்கராசாட. அமானிதத்தக் கொல்லுறதுக்கு நான் ஆர்?"

"அமானிதம் ஆட்டக் கடிக்கலாமா ஹாஜியார்?" என்றார் மாஸ்டர். "எட்டு வருசமா ஒரு கடிதம் போடாதவன்ட நாய்க்கு இஞ்ச காவல் வேல. என்ட குர்பான் ஆட்டுக்கு ஆர் காவல்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. அப்போதுதான் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளையை எழுப்புகிற குரலில் கேட்டார்.

"டொக்டரே சொல்லட்டும். இந்த நாய்க்கு நீங்க பல்லுத் தீட்டினீங்களா, இல்லியா? ஓம், இல்ல, ரெண்டில ஒண்டு."

பதற்றமான நேரத்தில் என் மூளை தானாக வரிசைப்படுத்தும். அன்றும் அப்படித்தான்.

ஓம் என்றால் நாய் சாக்குக்குள் போகும்.

இல்லை என்றால் வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள். காட்டினால் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், நாய் அன்றைக்குத் தப்பும். ஆனால் நெல் மூட்டைகள் மறுபடி நடக்கத் தொடங்கும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருந்தது. வளவுக்குள் நாய் வைத்திருக்க ஹாஜியாருக்கு ஊர் ஒப்புக்கொண்ட ஒரே நியாயம் காவல். மார்க்கத்தில் காவலுக்கு நாய் வைக்கலாம், செல்லத்துக்கு வைக்கலாமா? பல் இல்லாத நாய் என்ன காவல் என்று அதே மாஸ்டர் அடுத்த வெள்ளிக்கிழமை கேட்பார். நாயை வளவை விட்டு வெளியேற்றச் சொல்வார்கள். ஹாஜியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

மூன்றாவது, தீட்டுதல் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இரண்டு பொருள் உண்டு என்று விளக்கலாம். சாக்கும் கயிறும் வைத்திருக்கும் கூட்டத்துக்குத் தமிழ் இலக்கணம் படிப்பிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எங்களைச் சின்ன வயதிலிருந்தே பழக்கிவிடுகிறார்கள், சோதனைத் தாளிலிருந்து நேர்முகப் பரீட்சை வரை. மிருக வைத்தியத்தில் அந்தப் பழக்கம் ஆபத்து. கேள்வி பிழையாக இருந்தால் பதிலை விட்டுவிட்டுக் காயத்தைப் பாருங்கள்.

"காயம் பட்டது ஆடு," என்றேன். "முதல்ல ஆட்டக் கொண்டாங்க. ரத்தம் வடியுது, நான் ஆட்டு டொக்டரும்தான்."

கிடாயைக் கொண்டுவந்து முற்றத்து வேலியோரமாக நிறுத்தினார்கள். காதைக் கழுவிப் பார்த்தேன். ஓரத்திலிருந்து உள்ளே நேராக ஒரு கிழிசல், கத்தரிக்கோலால் துணி வெட்டியது மாதிரி. பல் குத்திய ஓட்டை ஒன்றுகூட இல்லை, நசிந்த இடமும் இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் அச்சொட்டாகப் பொருந்தியது. நிமிர்ந்து பார்த்தேன். ஆட்டைக் கட்டியிருந்த இடத்தில் மாஸ்டரின் தகர வேலியில் ஒரு மூலை பெயர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் இரத்தமும் இரண்டு மூன்று மயிரும் இருந்தன. நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் வெற்றி பெற வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வரும். எனக்கும் வந்தது. விரலை நீட்டி, மாஸ்டர், உங்கட தகரம்தான் உங்கட ஆட்டக் கடிச்சிருக்கு என்று சொல்லியிருந்தால் அந்த வசனம் கல்முனையில் இன்றைக்கும் ஓடும். மாஸ்டரும் ரியூசன் பிள்ளைகளின் முன்னால் தலை குனிந்திருப்பார். பிறகு ஒருநாள் வேலிக்கு மேலால் ஓர் இறைச்சித் துண்டு மில்லுக்குள் விழுந்திருக்கும், எலி மருந்து தடவியது. எறிகிறதையெல்லாம் நம்பி மெல்ல அந்த நாயைப் பழக்கியதே நான்தான். பல் சுத்தத்துக்காக.

ஆகவே வாயை மூடிக்கொண்டு காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது மௌலவி கேட்டார்.

"டொக்டர், காது குறைஞ்சிரிக்கா, கிழிஞ்சிரிக்கா?"

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து அவரே சொன்னார். காதில் ஒரு துண்டு இல்லாமல் போயிருந்தால் அந்த ஆடு குர்பானுக்கு ஆகாது. கிழிந்து மட்டும் இருந்தால், சதை ஒன்றும் போகாமல் இருந்தால், ஆகும். அதுவரை நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மாஸ்டர் இதைக் கேட்டதும் கிடாயின் பக்கம் வந்து நின்றார். முகம் மாறியிருந்தது.

அந்த மௌலவி வேண்டுமென்று கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"மாஸ்டர், நீங்களே பாருங்க," என்றேன். "நாய் கடிச்சி இழுத்தாப் பல்லுக் குத்தின ஓட்டை இரிக்கும், சத பிஞ்சி போயிரிக்கும். நான் பாத்ததில ரெண்டும் இல்ல. எனக்குத் தப்பியிரிக்கலாம். குறை இரிக்கி எண்டு நீங்க காட்டினா நாயக் கேக்கலாம், ஆனா ஆடு குர்பானுக்குப் போகாது. குறை இல்ல எண்டா ஆடு போகும்."

நாயைப் பற்றிய மிச்சத்தை நான் சொல்லவில்லை. அவர் விஞ்ஞான ஆசிரியர், தேறிவிடுவார் என்று நம்பினேன்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டார். காதை விரித்தார், மடித்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஆடு என் சட்டையில் மூக்கைத் தேய்த்தது. ஒரு பக்கம் நாய் மேல் வைத்த குற்றம், மறுபக்கம் மாதக்கணக்காகத் தீனி போட்டு வளர்த்த குர்பான். இரண்டையும் ஒரே காதில் வைத்துக்கொள்ள முடியாது. அவர் பார்வை ஒரு கணம் தகர வேலிக்குப் போய்த் திரும்பியதையும் கண்டேன். நான் உடனே ஊசியில் நூல் கோக்கக் குனிந்துவிட்டேன். ஒருவர் தன் பிழையைக் காணும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய மரியாதை. உங்கள் நோயாளியின் உயிருக்கும் அதுதான் நல்லது.

பிறகு மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பாடம் நடத்துகிற குரலில் அறிவித்தார்.

"சத குறையல்ல. இது நேர் வெட்டு. நாய்ட பல்லு வளைவு, அது நேர வெட்டாது. இத நான் முதலே யோசிச்சன்."

முதலே யோசித்தவர் சாக்கு வரும்வரை ஏன் காத்திருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் ஆசிரியருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. மௌலவி ஆடு ஆகும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் காதைத் தைத்தேன். கூட்டம் கலைகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்ப டொக்டர், பல்லுத் தீட்டினதா இல்லியா?" கையில் ஊசி இருந்ததால் நான் நிமிரவில்லை. ஹாஜியார் சிரித்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பக்கத்து வளவில் யாரோ தகரத்தில் சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டதாக ஹாஜியார் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் இங்கே விவரிக்க மாட்டேன், பாவம் சேரும்.

என் தலையில் விழுந்தது அதற்குப் பிறகு வந்ததுதான். ஆளை விட்டு ஆட்டை விட்டுப் பல்லைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. தீட்டிய பல்லை வைத்துக்கொண்டு கையெட்டும் தூரத்தில் நின்ற ஆட்டைக்கூடத் தொடாத நாய் என்றால், அது எவ்வளவு பழக்கப்பட்ட நாய், எவ்வளவு கெட்டிக்கார டொக்டர்! அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மில் முதலாளி தன் நாயைக் கூட்டி வந்தார். ஆலையடிவேம்பிலிருந்து ஒருவர் இன்னும் பாற்பல்லே விழாத குட்டியைத் தூக்கி வந்து, சின்ன வயசிலயே தீட்டினா நல்லமா டொக்டர் என்று கேட்டார். வரும் எல்லோருக்கும் நான் ஒன்றையே சொன்னேன். நாய்க்குப் பல்லுத் தீட்டத் தேவல்ல. எலும்பை நிறுத்துங்கள், மூச்சுக்குழாய் மெல்லக் கொடுங்கள், பணிஸ் கொடுக்காதீர்கள், ஆறு மாதத்தில் காட்டுங்கள். தீட்டாமலே கூராக்குகிற வழி என்று விளங்கிக்கொண்டு திருப்தியோடு போனார்கள். இந்தக் கரையில் கிழட்டு நாய்களின் வாய் இப்போது முன்பைவிடச் சுத்தம். நாய் வளர்க்கிறவர்களில் காரணம் தெரிந்தவர் ஹாஜியார் ஒருவர்தான். அவரும் சிரிப்பதோடு சரி.

நீங்கள் வந்ததும் உங்களிடமும் கேட்பார்கள். திருத்துவதா விடுவதா என்பது உங்கள் முடிவு. திருத்துவதென்றால், அதனால் யாருடைய நாய்க்கு என்ன ஆகும் என்று முதலில் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

நான் போகுமுன் கடைசியாக ஜிம்மியைப் பார்த்தேன். கடைவாயில் இன்னொரு பல்லும் போய்விட்டது. மிச்சம் சுத்தமாக இருக்கிறது, வாய் நாறவில்லை, மூச்சுக்குழாயைத் தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்கிறது. இதயத்தில் கொஞ்சம் இரைச்சல் கேட்கிறது. அடுத்த தரம் மயக்க ஊசி போடுவதென்றால் அதைக் கணக்கில் எடுங்கள். தங்கராசா இன்னும் வரவில்லை. அது இன்னும் ஹாஜியாரின் நாய் இல்லை.